தையல்காரரின் அபிப்பிராயம்

"எங்க தலைவரைப் பத்தி என்ன நினைக்கிறீங்கன்னு அதிகாரி கேக்கறார் ஐயா" என்றாள் மொழிபெயர்க்கும் பெண்.

விமான நிலையத்தின் விசாரணை அறையில் உட்கார்ந்திருந்த தையல்காரர், சுவரில் மாட்டியிருந்த தலைவர் படத்தை ஏற இறங்கப் பார்த்தார்.

"கோட்டுல இடது தோள் இறங்கியிருக்கும்மா. வெட்டினவன் அவசரக்காரன்."

நாற்பது வருடத் தொழில் புத்தி சும்மா இருக்குமா? அவள் தயங்கித் தயங்கிச் சொல்ல, அதிகாரி அதை எழுதிக்கொண்டார். எழுதுவதைப் பார்த்ததும் மனிதர் அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்.

"தப்பா எடுத்துக்க வேணாம். என்கிட்ட குடுத்தா அரை மணியில சரி பண்ணிடுவேன்."

அதிகாரி அதையும் எழுதிக்கொண்டார்.

வந்தது பத்தே நாளைக்கு, மகளைப் பார்க்க. இங்கே மருத்துவமனையில் நர்ஸ். பார்த்து ஆறு வருடம் ஆகிறது. பழைய அளவை நம்பி அவளுக்கு ஒரு குளிர்கோட்டு தைத்துக் கொண்டுவந்திருந்தார். இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் அவள் காத்துக்கொண்டிருந்தாள்.

"போனைக் குடுங்க."

கொடுத்தார். புதிது வாங்கியபோது மகள் அனுப்பிவைத்த அவளுடைய பழைய போன். பேசவும், அவள் படத்தைப் பார்க்கவும் மட்டும்தான் அவருக்குத் தெரியும்.

தள்ளிப் பார்க்கப் பார்க்க அதிகாரியின் முகம் இறுகியது.

"புனைபெயர்ல நாற்பத்தொரு பதிவு. எல்லாம் தலைவரைத் திட்டி. யார் எழுதினதுன்னு கேக்கறார்."

"எனக்குக் கையெழுத்துப் போடறதைத் தவிர எதுவும் எழுத வராதும்மா."

மொழிபெயர்க்கும் பெண் ஒன்றைத் தமிழில் படித்துக் காட்டினாள். "'கடவுள் இவரைத் தைக்கும்போது மூளையை வெட்டுத்துணியோட சேர்த்துக் கூட்டித் தள்ளிட்டார்.'"

தையல்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது அவர் கடையில் உதவியாளைத் திட்டும் வசனம். மெஷினுக்குக் கீழே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிய ஒருத்தியைத் தவிர இந்த நாட்டில் வேறு யாருக்கும் தெரியாது.

"இதை எழுதினவங்களுக்கு இந்த நாட்டுல இடமில்லைங்கறார்."

"நான்தான் எழுதினேன்."

"எழுத வராதுன்னீங்களே?"

"வெளியில தெரிஞ்சா வம்புன்னு மறைச்சு வெச்சிருந்தேம்மா."

"ஏன் எழுதினீங்கன்னு கேக்கறார்."

"கோட்டைப் பார்த்த கோபம்தான்."

திருப்பி அனுப்பும் தாளில் எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டார். மகள் தப்பித்தாள் என்று மனம் ஆறியது. அவள் முகத்தைப் பார்க்காமலே போகிறோமே என்று அதே மனம் அழுதது. பையிலிருந்து கோட்டை எடுத்தார்.

"இதை மட்டும் வெளியில நிக்கற என் பொண்ணுகிட்ட குடுத்துடும்மா. ரெண்டு பக்கமும் உள்ளே துணி விட்டிருக்கேன். இறுக்கமா இருந்தா பிரிச்சுவிட்டுக்கச் சொல்லு."

வாங்கிக்கொண்டு போனவள் கொஞ்ச நேரத்தில் கோட்டும் கையுமாகத் திரும்பி வந்தாள்.

"நீங்களே போட்டுவிடுங்க ஐயா. நீங்க மாட்டிக்கிட்டது தெரிஞ்சதும், 'எங்கப்பாவுக்கு எழுதவே வராது, அத்தனையும் நான்தான்'னு உங்க பொண்ணு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாங்க; அதே விமானத்துல உங்களுக்குப் பக்கத்து சீட்டு."