உள்வருவது பற்று

என் கல்யாணப் பத்திரிகையில் ஒரு பொய் அச்சாகியிருக்கிறது. தேதியில் இல்லை. முகூர்த்த நேரத்தில் இல்லை. என் பெயருக்குப் பின்னால்.

'சக்கரபாணி, பி.காம்.' என்று தங்க எழுத்தில் போட்டார் என் அப்பா. அந்த பி.காமில் நடுவே ஒரு புள்ளி இருக்கிறதே, அந்தப் புள்ளி அளவுக்குத்தான் பொய். நிதிக் கணக்கியல் என்ற ஒரே ஒரு பேப்பர் பாக்கி. நான்கு முறை எழுதினேன். நான்கிலும் வாங்கிய மதிப்பெண்களைக் கூட்டினால் நாற்பத்திரண்டு வரும். பாஸ் மார்க் நாற்பது. பல்கலைக்கழகம் கூட்டிப் பார்க்க மறுத்துவிட்டது.

தோல்விக்குக் காரணம் ஒரே ஒரு சொல். நான் தமிழ் வழியில் படித்தவன். எனக்குத் தெரிந்த தமிழில் வருவது வரவு, போவது செலவு. பாடப்புத்தகத்திலோ, 'உள்வருவது பற்று, வெளிச்செல்வது வரவு' என்று போட்டிருந்தது. பெட்டிக்குள் பணம் வந்தால் அது வரவு இல்லையாம், பற்றாம். போனால்தான் வரவாம். நியாயம் தெரிந்த யாரும் இதை ஒப்புக்கொள்ள முடியாது. நானும் ஒப்புக்கொள்ளவில்லை. விடைத்தாளில் நான்கு முறையும் என் கொள்கையைத்தான் எழுதிவிட்டு வந்தேன்.

அதெல்லாம் பழைய கதை. கல்யாணமாகி எட்டு வருஷம் அந்தப் பட்டத்தை வைத்துத்தான் வீட்டில் குடித்தனம் நடத்தினேன். என் மனைவி திரௌபதி எதிர்த்து ஏதாவது சொன்னால், "ஒரு பி.காம். சொல்றேன், கேளு" என்பேன். "நான் பிளஸ் டூதானே, எனக்கென்னங்க தெரியும்" என்று அடங்கிவிடுவாள். எனக்கு இருந்த ஒரே மரியாதை அது.

1998 ஜனவரியில் அதற்கு ஆபத்து வந்தது. நான் கீழ்பென்னாத்தூரில் மணிலாக்கொட்டை ஆட்டும் ஓர் எண்ணெய் மில்லில் கிளார்க். முதலாளி மூர்த்தி கூப்பிட்டார். "நம்ம அக்கவுண்டன்ட் ஜூன்ல நின்னுக்கறாரு. ஒரிஜினல் சர்டிபிகேட் கொண்டா, நாற்காலி உன்னுது. இல்லன்னா வெளியாளத்தான் போடணும்."

அதே வாரம், டிபன் பாக்ஸுக்கு அடியில் மடித்து வைத்திருந்த செய்தித்தாளில் ஓர் அறிவிப்பு. பழைய பாடத்திட்டத்தில் பாக்கி வைத்திருப்பவர்களுக்கு ஏப்ரல் தேர்வே கடைசி வாய்ப்பு. எலுமிச்சை சாதத்தின் எண்ணெய் பட்டும் எழுத்து தெளிவாக இருந்தது. அண்ணாமலையாரே நேரில் வந்து சொன்னதாக எடுத்துக்கொண்டேன்.

தீர்மானம் செய்தேன். பாஸ் செய்வது. திரௌபதிக்குத் தெரியாமல் பாஸ் செய்வது. செங்கம் ரோட்டில், ஆசிரமம் தாண்டி, ரிட்டையரான காமர்ஸ் பேராசிரியர் அய்யூப் சார் ஞாயிற்றுக்கிழமை காலையில் மொட்டை மாடியில் டியூஷன் எடுப்பார். ஞாயிற்றுக்கிழமை நான்கு மணி நேரம் வீட்டைவிட்டு மறைய எங்கள் ஊரில் ஒரு வழிதான் உண்டு.

"இனிமே ஞாயித்துக்கிழமை கிரிவலம் போறேன்."

"யாரு, நீங்களா? தெருமுனை முருகையன் கடைக்கே சைக்கிள்ல போற ஆளு."

"மனசு கேக்குது, திரௌபதி."

"கேக்கட்டும். சுத்திட்டு வாங்க." வாசல்வரை வந்தாள். "செருப்பு எதுக்குங்க? மலை சுத்தறவங்க செருப்பு போடுவாங்களா?"

இது என் திட்டத்தில் இல்லை. பி.காமுக்காக வெறுங்காலோடு டியூஷனுக்குப் போனவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அய்யூப் சார் முதல் கேள்வியைப் போட்டார். "முதலாளி ரொக்கம் கொண்டாந்து வியாபாரம் ஆரம்பிக்கிறாரு. ரொக்கக் கணக்குல என்ன வைப்பே?"

"வரவு சார்."

"ஏம்பா?"

"காசு வந்துச்சே சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இருபத்தொம்போது வருஷம் இந்தப் பதிலக் கேட்டுக் கேட்டுத்தான் ரிட்டையர் ஆனேன். ரிட்டையர் ஆனப்புறமும் விட மாட்டேங்கறீங்களே."

வீடு திரும்பினால் திரௌபதி உப்புப் போட்ட வெந்நீரோடு காத்திருந்தாள். என் காலைத் தூக்கி அதில் வைத்தாள்.

"குபேர லிங்கத்துகிட்ட கூட்டமா?"

"ஜாஸ்தி."

"இந்தப் பாதம் பதினாலு கிலோமீட்டர் நடந்த மாதிரி தெரியலியே. கம்மியாத்தான் தேஞ்சிருக்கு."

"பக்தியில நடந்தா தெரியாது."

அவள் இன்னொரு சிட்டிகை உப்பைப் போட்டாள். எனக்குத்தான் வெந்நீர் சுட்டது.

ஆறு வாரம் ஓடியது. விதியை மனப்பாடம் செய்தேன், மண்டையில் ஏறவில்லை. ஒருநாள் காலையில் இட்லிக்கு முன்னால் உட்கார்ந்து என்னையறியாமல் முணுமுணுத்துவிட்டேன். "உள்வருவது பற்று... உள்வருவது பற்று..."

"என்னங்க சொல்றீங்க?"

"தத்துவம். மலை சுத்தற இடத்துல ஒரு சாமியார் சொன்னாரு."

"உள்ள வர்றது பத்தா? சரிதான். இந்தச் சமையக்கட்டுக்குள்ள வர்றது பூரா பத்துப் பாத்திரம்தான்."

"பத்து இல்ல, பற்று. உள்ளே வருவது பற்று. வெளியே போவது வரவு. உனக்கு வெளங்காது, விடு."

"இதுல வெளங்காம என்ன இருக்கு? முருகையன் கடையில நாம பருப்பு வாங்கிட்டு வந்தா நோட்டுல நம்ம பேர்ல என்ன எழுதறாரு?"

"பத்து. அதாவது பற்று."

"காசக் குடுத்தா?"

"வரவு."

"அவ்ளோதாங்க. வாங்கிக்கிட்டவன் பேர்ல பத்து, குடுத்தவன் பேர்ல வரவு. காசுப் பொட்டியும் ஒரு ஆளுன்னு வச்சிக்கங்க. உள்ள காசப் போட்டா பொட்டி வாங்கிக்கிச்சு. பொட்டி பேர்ல பத்து. எடுத்தா பொட்டி குடுத்துச்சு. வரவு. இன்னொரு இட்லி வைக்கட்டுமா?"

பிட்ட இட்லியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். நான்கு தேர்வு, ஒரு பல்கலைக்கழகம், ஓர் அய்யூப் சார் செய்ய முடியாததை ஒரு மளிகைக் கடை நோட்டு செய்துவிட்டது. பாவம், தான் என்ன சொன்னோம் என்றுகூட இவளுக்குத் தெரியாதே என்று மனம் இளகினேன்.

அதற்கப்புறம் எனக்குச் சந்தேகம் வரும்போதெல்லாம் தத்துவம் பேசினேன். தேய்மானம் புரியாதபோது, "எல்லாம் தேயுது, திரௌபதி" என்று பெருமூச்சு விட்டேன்.

"ஆமாங்க. இந்த கிரைண்டரு நாலாயிரத்துக்கு வாங்கனது. எட்டு வருஷம் ஆவுது. இன்னிக்கி அதே நாலாயிரம்னு கணக்குச் சொன்னா நம்மள நாமளே ஏமாத்திக்கறதுதானே. வருஷா வருஷம் தேஞ்சத கழிச்சுடணும்."

ஏப்ரலில் எழுதினேன். மில்லில் அவசர வேலை என்று சொல்லிவிட்டுப் போனேன். தேர்வுக் கூடத்தில் பற்றையும் வரவையும் கூட்டிச் சரிபார்க்கும் இருப்பாய்வின் இரண்டு பக்கமும் ஒரே தொகை வந்தபோது கண் கலங்கிவிட்டது. எதிரே நின்ற கண்காணிப்பாளர் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

ஜூனில் முடிவு வந்தது. ஐம்பத்தெட்டு. மதிப்பெண் பட்டியலைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மறைத்தே வைத்திருக்கலாம். பத்திரிகைப் பொய் உண்மையாகிவிட்டது, யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் நடந்த நான்கு தப்படிக்காகப் பதினான்கு ஞாயிற்றுக்கிழமை என் காலை வெந்நீரில் வைத்துப் பிடித்துவிட்டவள் அவள். வெட்கமாக இருந்தது. நேரே சமையலறைக்குப் போனேன்.

"திரௌபதி, ஒண்ணு சொல்லணும். கல்யாணத்தப்போ நான் பி.காம். இல்ல."

"தெரியும்." தோசையைத் திருப்பிப் போட்டாள்.

"கிரிவலமும் போகல."

"தெரியும். எவ்ளோ மார்க்?"

"ஐம்பத்தெட்டு. எப்பத் தெரியும்?"

"பொண்ணு பாக்க வந்தப்பவே. எங்கப்பா உங்க காலேஜ்ல போய் விசாரிச்சாரு."

"தெரிஞ்சும் எதுக்கு சம்மதிச்சே?"

"முகம் புடிச்சிருந்துது. ஒரு பேப்பர்தானே, எழுதிடுவாருன்னு நெனச்சேன். எட்டு வருஷம் இழுப்பீங்கன்னு நெனக்கல. அதான் பேப்பர்ல வந்தத டிபன் பாக்ஸ் அடியில வச்சேன்."

அவள் அடுப்பை அணைத்துவிட்டு, பீரோவைத் திறந்து, புடவைகளுக்கு அடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துவந்து என் மதிப்பெண் பட்டியலின் பக்கத்தில் வைத்தாள். வேலூர்க் கல்லூரி. பி.காம். முதல் வகுப்பு. நிதிக் கணக்கியலில் தொண்ணூற்றொன்று.

"நீ பிளஸ் டூதானே? வேலூர்ல மாமா வீட்டுல தங்கி டைப்ரைட்டிங் கத்துக்கிட்டதாச் சொன்னாங்க."

"சாயங்காலத்துல அதையும் கத்துக்கிட்டேன். மாப்பிள்ளைக்கு பாக்கி இருக்கு, பொண்ணு ஃபர்ஸ்ட் கிளாஸ்னா சபையில நல்லா இருக்காதுன்னு எங்கப்பாதான் மறைச்சாரு. நீங்க பாஸ் பண்ணாம நான் எப்பிடிங்க வெளிய சொல்றது? உங்களுக்குத்தானே தலைகுனிவு."

எனக்காக ஒருத்தி எட்டு வருஷம் தன் பட்டத்தைப் புடவைக்கு அடியில் வைத்திருந்தாள். நான் என் பொய்ப் பட்டத்தை அவள் தலையில் தினமும் தட்டிக்கொண்டிருந்தேன். அழுகை வந்தது, அழுதேன். "இனிமே நீ வேலைக்குப் போறதுன்னா போ" என்று பெருந்தன்மையாகச் சொன்னேன்.

"சொல்லிட்டீங்கள்ல, அது போதும்" என்றாள்.

ஜூலையில் அக்கவுண்டன்ட் நாற்காலியில் உட்கார்ந்தேன். சுழலும் நாற்காலி. இரண்டாவது வாரம் தணிக்கைக்கு ஆடிட்டர் ஆபீஸிலிருந்து ஆள் வந்தது. புதிதாகச் சேர்ந்தவராம். காலையில் எனக்கு டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுத்த அதே கை, பச்சை மை பேனாவோடு என் பேரேட்டைத் திறந்தது.

"மார்ச் இருபத்திரெண்டு, வண்டிக் கூலி எழுநூத்தம்பது. வவுச்சர் எங்கங்க?"

நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். அவள் யாரென்று தெரியாத மூர்த்தி முதலாளி அவசரமாக என் காதருகே குனிந்தார்.

"வீட்ல பொண்டாட்டிய அதட்டுற மாதிரி இங்க அதட்டிடாதப்பா."

"சரிங்க" என்றேன், அவளைப் பார்த்து.