தூக்கும்போது மடங்கிய கதவு

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது. நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள். நானும் நலம் என்று எழுதக் கை வரவில்லை. நேற்று மத்தியானம் நடந்ததைக் கேள். தபாலில் போட்டால் திங்கட்கிழமை தாண்டிவிடும் என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

மகள் வீட்டிலிருந்து என்னை அழைத்துவர என் மகன் ஒரு வாடகைக் காரை எடுத்து அவனே ஓட்டிக்கொண்டு வந்தான். பாதி வழியில் முன் சக்கரத்துக்கு அடியில் கடகடவென்று சத்தம். வாடகைக்காரனுக்குப் போன் போட்டான். "பக்கத்துல எந்தப் பட்டறை இருக்கோ அங்க விட்டுப் பாருங்க சார், செலவு என்னோடது" என்றான் அவன், என் இரண்டு காதாலும் கேட்டேன். பக்கத்தில் இருந்தது எது? உன் மச்சினன் பட்டறை! வேண்டாமென்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன். உன் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அக்கா என்றுகூடப் பார்க்காமல், கால் ஆடுகிற நாற்காலியை எனக்குப் போட்டவன் அவன். முப்பத்தொரு வருஷம் ஆகிறது. பச்சை நாற்காலி. "அதுக்கும் காருக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்று கேட்டுவிட்டு என் மகன் வண்டியை உள்ளே விட்டான்.

"வாங்கக்கா, வாங்க" என்று உன் மச்சினன் வாயெல்லாம் பல்லாக வந்தான். சுவரோரம் ஒரு ஸ்டூல் போட்டான், இந்தத் தடவை கால் ஆடவில்லை, முதுகுதான் இல்லை. காரை அந்தத் தூக்கும் இயந்திரத்தில் நிறுத்திப் பொத்தானை அமுக்கினான். அமுக்கியவன் காரைப் பார்க்க வேண்டாமா? என் மகன் பக்கம் திரும்பி, மனை வாங்கிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். கார் மேலே போகிறது, கதையும் போகிறது, பின்கதவு ஒன்று ஆவென்று திறந்து கிடக்கிறது. சுவரில் ஆயில் டப்பா அடுக்கிய இரும்புத் தட்டு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அதன் அடியில் கதவு போய் முட்டியதுதான் தெரியும், மடார்! கண்ணாடி பொலபொலவென்று கொட்டுகிறது, டப்பாக்கள் என் காலடியில் உருளுகின்றன, கதவு பழைய தகரம் மாதிரி மடங்கித் தொங்குகிறது.

"கதவத் தெறந்து வச்சது யாரு?" என்று கத்தினான் உன் மச்சினன். "என் பக்கக் கதவச் சாத்திட்டுத்தான் மாமா எறங்கினேன்" என்றான் என் மகன். அரை மணியில் வாடகைக்காரன் வந்து நின்றான். "வண்டிக்குக் கையெழுத்து போட்டது நீங்க சார். பட்டறைக்காரர்கிட்ட வாங்குறது உங்க பாடு."

"நீங்கதானே பட்டறையில விடச் சொன்னீங்க?"

"ரிப்பேர் பண்ணச் சொன்னேன். கதவ ஒடைக்கவா சொன்னேன்?"

சொன்னதோடு நிற்கவில்லை, படுபாவி! "கதவு சரியாகி வர்ற வரைக்கும் இது என் டிராயர்ல இருக்கட்டும்" என்று இவனுடைய லைசன்ஸை வாங்கிக்கொண்டு போய்விட்டான். எட்டு மாதம் வேலையில்லாமல் இருந்துவிட்டு, திங்கட்கிழமை காலை பள்ளி பஸ் ஓட்டச் சேர வேண்டியவன் என் மகன். லைசன்ஸ் இல்லாமல் போனால் கேட்டுக்குள் விடுவார்களா? உன் மச்சினனோ, "தெறந்த கதவோட வண்டியக் குடுத்தா நான் என்னக்கா பண்றது?" என்கிறான். முடி வெட்டுகிறவர் காதை வெட்டிவிட்டு, காதோடு ஏன் வந்தீர்கள் என்று கேட்பாரா? நீயே சொல். ஆகவே நீ உடனே போய், கதவுக்கு நானே பொறுப்பு என்று அவன் கையால் எழுதி வாங்கி, அந்த வாடகைக்காரனிடம் கொடுத்து லைசன்ஸை மீட்டு வா.

பிள்ளைகளுக்கு என் ஆசி. உன் மனைவியிடம் அவள் தம்பி பேச்சை எடுக்காமல் என் அன்பைச் சொல்.

இப்படிக்கு,
அக்கா

பின்குறிப்பு: கதவைத் திறந்தது நான்தான். பட்டறை ஆட்களை நம்பி என் பைகளை வண்டியில் விட மனம் வரவில்லை, எழுந்து போய் எடுத்தேன். இரண்டு கையிலும் பை, சாத்துவதற்கு மூன்றாவது கை ஏது? மூன்று ஆண்பிள்ளைகளும் மாற்றி மாற்றி ஒருவரை ஒருவர் கேட்டார்களே தவிர, குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருந்த என்னை ஒருத்தனும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஆனாலும் பார்க்காமல் அமுக்கியது அவன்தான், அதில் மாற்றமில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரை அவன் மசியாவிட்டால் இதையும் படித்துக் காட்டு, பாதிச் செலவு என்னுடையது என்று சொல். பிள்ளை வேலைக்குப் போயாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே அவன் ஒத்துக்கொண்டால் இந்தத் தாளை அடுப்பில் போட்டுவிடு. தோதாக இருக்கட்டும் என்றுதான் இதைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன்.