டாக்டர்களின் பாக்கெட்டில் என் இங்கிலீஷ்

மரியாதைக்கும் கோபத்துக்கும் ஒருசேர உரிய அண்ணன் அவர்களுக்கு,

ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவிலிருந்து உங்கள் ஒரே தங்கை எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் மாப்பிள்ளையும் ஆறு வாஷிங் மெஷின்களும் சௌக்கியம். அங்கே நீங்களும் அண்ணியும் உங்கள் மூட்டுவலியும் எப்படி என்று அறிய ஆவல்.

போன மாதம் நீங்கள் எழுதிய கடிதம் என் கைப்பையிலேயே இருக்கிறது. "சலவைப் பிரிவுக்குத் தலைமைப் பொறுப்பு கேட்டு மனு போட்டிருக்கிறாயாமே, வார்டுகளோடு நாள் முழுக்க ஃபோனில் இங்கிலீஷ் பேசுகிற வேலை அது, நீ ஃபோனை எடுத்தால் ஆஸ்பத்திரியே சிரிக்கும், மானத்தோடு மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்" என்று, முப்பத்தொரு வருஷம் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்த கையால் எழுதியிருந்தீர்கள். இருபத்திரண்டு வருஷம் இதே சோப்புத் தண்ணீரில் கை ஊறிய எனக்கு அந்த நாற்காலி கிடைக்குமா, கிடைக்காதா என்பதுதான் கேள்வி. பதிலைச் சொல்கிறேன், உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

நீங்கள் சொன்னதில் கொஞ்சம் நியாயம் இருந்தது, அதுதான் வயிற்றெரிச்சல். புதிதாக வந்திருக்கிற நிர்வாகி மேடத்துக்கு இங்கிலீஷைத் தவிர வேறொன்றும் வராது. ஒருநாள் ஃபோனில் இருபது பெட்ஷீட் கேட்டார். தேடிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்வதாக நினைத்துக்கொண்டு நான் "ஐ ஆம் லுக்கிங் அட் த பெட்ஷீட்ஸ்" என்றேன். இருபது படுக்கை காலியாகக் கிடக்க, இவள் பெட்ஷீட்டை நின்று ரசித்துக்கொண்டிருக்கிறாளே என்று அந்தம்மா கத்தின கத்தில் ரிசீவரே சூடாகிவிட்டது. லுக்கோடு 'ஃபார்' சேர்த்தால்தான் தேடுவதாம். எனக்கு யார் சொன்னார்கள்?

அப்புறம்தான் விஷயம் பிடிபட்டது. நாம் வீட்டுக்கு, வீட்டில், வீட்டோடு என்று வாலைப் பெயரோடு ஒட்டிவிடுகிறோம், வேலை முடிந்தது. இங்கிலீஷ்காரன் அந்த வாலைத் தனியாக வெட்டி முன்னால் நிறுத்துகிறான். அது போதாதென்று, எந்த வினைச்சொல்லுக்கு எந்தக் குட்டி வார்த்தை என்று முன்கூட்டியே நிச்சயமும் பண்ணி வைத்திருக்கிறான். வெயிட்டுக்கு ஃபார், லிசனுக்கு டு, டிபெண்டுக்கு ஆன். ஏன் என்று கேட்டால் பதில் கிடையாது. இதைத்தானே நீங்கள் பிரம்பை வைத்துக்கொண்டு முப்பத்தொரு வருஷம் சொல்லிக்கொடுத்தீர்கள்? அட அண்ணா, இது எங்கள் சலவைக் கணக்கு! ஆபரேஷன் தியேட்டரின் பச்சை விரிப்புக்குப் பச்சை உறை, குழந்தைகள் வார்டின் மஞ்சளுக்கு மஞ்சள், ஜோடி மாறினால் திட்டு நிச்சயம். இந்த லுக் மட்டும் ஊர்சுற்றி. அட், ஃபார், ஆஃப்டர், இன்டு என்று நாலு பேரோடும் போகும், ஆளுக்கு ஆள் குணத்தையும் மாற்றிக்கொள்ளும்.

எங்கள் டாக்டர் கோட்டுகளில் பாக்கெட்டுக்கு மேலே பிரிவின் பெயர் எழுதிய துணிப்பட்டை இருக்கும். இஸ்திரிப்பெட்டியால் ஒரு அழுத்து அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும், எழுதுகிற மை நூறு தடவை துவைத்தாலும் போகாது. மிஞ்சிப்போன பட்டைகளில் பட்டைக்கு ஒரு ஜோடியாக நாற்பது எழுதினேன். சாப்பாட்டு வேளையில் தட்டில் போட்டுக் குலுக்கி, கைக்கு வந்ததை எடுத்து, அதை வைத்து ஒரு வாக்கியம் சொல்லிப் பார்ப்பேன். நீராவிக் குழாய் ஒழுகுகிறது என்று ஒருநாள் பாதியில் கூப்பிட்டார்கள், தட்டை இஸ்திரி மேஜையிலேயே வைத்துவிட்டு ஓடினேன். அன்றைக்குப் பார்த்து நாற்பது புதுக் கோட்டு வந்திருந்தது. எங்கள் இஸ்திரிக்காரருக்கு எழுத்தும் தெரியாது, சந்தேகமும் வராது.

"என்னய்யா இப்படிப் பண்ணிட்டீங்க?" என்று தலையில் கை வைத்தேன். "தட்டுல இருந்துச்சு, ஒட்டினேன். படிச்சுப் பார்த்து ஒட்டுறதுக்கு இது என்ன கல்யாணப் பத்திரிகையா?" என்கிறார் மனுஷன், சாவகாசமாக.

அதற்குள் கோட்டெல்லாம் மாடிக்குப் போய்விட்டது. மறுநாள் காலை அவசரத்தில் யார் தன் பாக்கெட்டைத் தானே படிக்கிறார்கள்? எப்போதும் ஒரு மணி நேரம் தாமதமாக வரும் எலும்பு டாக்டர் நெஞ்சில் 'வெயிட் ஃபார்' என்று போட்டுக்கொண்டு வந்திருக்கிறார், வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். குழந்தை டாக்டருக்கு 'லிசன் டு'. ஒரு அம்மா விரலை நீட்டி, "பாக்கெட்லயே எழுதியிருக்கே, நான் சொல்றத முழுசா கேளுங்க டாக்டர்" என்று இருபது நிமிஷம் பேசியிருக்கிறார். இதெல்லாம் பரவாயில்லை. பெரிய சர்ஜன் இருக்கிறாரே, அவர் இருமினாலே வார்டு எழுந்து நிற்கும், அவருக்கு வாய்த்தது 'அபாலஜைஸ் ஃபார்'. முதல்நாள் அவரிடம் திட்டு வாங்கின சிஸ்டர் அதைப் படித்துவிட்டு, மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நம்பி, கண் கலங்கி, "பரவாயில்ல டாக்டர், மனசுல வச்சுக்கல" என்றிருக்கிறார். மனுஷன் திகைத்துப்போய், வாழ்நாளில் முதல்முறையாக "சாரி" சொல்லிவிட்டார்! சொன்ன பிறகுதான் குனிந்து பார்த்திருக்கிறார்.

பதினோரு மணிக்கு மேடத்தின் அறைக்குக் கூப்பிட்டார்கள். மேஜை மேல் அந்தக் கோட்டு, பக்கத்தில் சர்ஜன், அவர் முகம் வாணலி மாதிரி. "ஹூ இஸ் ரெஸ்பான்சிபிள் ஃபார் திஸ்?" என்றார் மேடம். கோபத்திலும் 'ஃபார்' சரியாகப் போட்டார், கவனித்தேன். எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. போச்சு, நாற்காலியும் போச்சு, இருக்கிற வேலையும் போச்சு. அப்போது பார்த்து உங்கள் முகம் கண் முன்னால் வந்தது அண்ணா. கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கிவிட்டு, 'நான்தான் அப்பவே சொன்னேனே' என்று ஒரு பார்வை பார்ப்பீர்களே, அதே முகம். வந்ததே கோபம்! கோபத்தின் பின்னாலேயே இங்கிலீஷும் வந்தது.

"மேடம், ஐ அபாலஜைஸ் ஃபார் த கோட்ஸ். பட் ஐ டோன்ட் அபாலஜைஸ் ஃபார் லேர்னிங். ப்ளீஸ் வெயிட் ஃபார் டூ டேஸ். ஐ வில் லுக் இன்டு இட். யூ கேன் டிபெண்ட் ஆன் மீ."

கோட்டுக்கு மன்னிப்பு உண்டு, படித்ததற்குக் கிடையாது! ஐந்து வாக்கியம் அண்ணா, ஒரு ஜோடிகூட மாறவில்லை. முதலில் சிரித்தது யார் தெரியுமா? சர்ஜன்! மேடம் என் மனுவை எடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, "ஃப்ரம் மண்டே, யூ வில் லுக் ஆஃப்டர் த லாண்ட்ரி" என்றார். சலவைப் பிரிவை இனி நான்தான் கவனித்துக்கொள்ளப் போகிறேன். இரண்டே நாளில் முப்பத்தொன்பது பட்டையை ஆவி காட்டி உரித்துவிட்டோம். நாற்பதாவதைத் தர மாட்டேன் என்று குழந்தை டாக்டர் கோட்டோடு ஓடிவிட்டார்.

ஆகவே, உங்கள் உதவி இல்லாமல், உங்கள் பிரம்பு இல்லாமல், என் சொந்த மூளையால் ஜெயித்தேன் என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன். போன மாதக் கடிதத்தை வாபஸ் வாங்கியதாக ஒரு வரி எழுதவும். இங்கிலீஷில் எழுதினாலும் படித்துக்கொள்வேன்.

அண்ணிக்கு என் அன்பு. பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்கட்டும். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்க மறக்க வேண்டாம்.

இப்படிக்கு,
யாரையும் நம்பியிராத உங்கள் தங்கை
(சலவைப் பிரிவுத் தலைமைப் பொறுப்பாளர்)

பின்குறிப்பு: திங்கட்கிழமை வார்டு சிஸ்டர்கள் எல்லோர் முன்னாலும் ஐந்து நிமிஷம் இங்கிலீஷில் பேச வேண்டுமாம். கண்ணாடி முன்னால் நின்று பார்த்தேன், ஒரு வார்த்தை வரவில்லை. உங்கள் மாப்பிள்ளையை எதிரே உட்காரவைத்தும் பார்த்தேன். வாயைத் திறக்கும் முன்பே "பிரமாதம்மா" என்று தலையாட்டுகிறார், அந்த முகத்தைப் பார்த்தால் எனக்கு எப்படிக் கோபம் வரும்? ஞாயிற்றுக்கிழமையே கிளம்பி வந்துவிடுங்கள் அண்ணா. முதல் வரிசையில் உட்கார்ந்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, என்னை அந்தப் பார்வை பார்க்க வேண்டும். பேச்சை இத்துடன் வைத்திருக்கிறேன், சிவப்பு மையில் திருத்திக் கையோடு எடுத்து வாருங்கள்.