திருஷ்டி பொம்மை போட்டிருந்த ஜீன்ஸ்

வியாழக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதான். ஒரு பழைய ஜீன்ஸ் பேண்ட் கொண்டு வரணும்.

அவ்ளோதான்!

நான் திருப்பதியில ஒரு ஜீன்ஸ் கம்பெனியில டிசைனர். கம்பெனி பேரு சொல்ல மாட்டேன். எனக்கு அங்க வேலை இருக்கா இல்லையான்னே இன்னும் தெரியல. ஆனா உங்க வீட்லயும் யாராவது போட்டிருப்பாங்க. சந்தையில கயிறு கட்டி தொங்க விட்டிருப்பாங்களே, பின்பாக்கெட்ல மஞ்சள் நூல்ல குதிரை லாடம் தைச்சிருக்குமே, அதேதான்.

இப்ப அத யாரும் சீண்டறதில்ல. அதனால போன வருஷம் நான் ஒரு ஐடியா குடுத்தேன். "சார், நாம பேண்ட் விக்க வேணாம். பழைய ஞாபகத்த விப்போம்!"

எம்.டி.க்கு சிலிர்த்துடுச்சு. எனக்கும்தான். நான் பேசறத கேட்டா எனக்கே அப்பப்ப சிலிர்க்கும்.

பட்டன், தையல், சாயம் எல்லாமே அந்தக் காலத்துல இருந்த மாதிரி அச்சு அசலா வேணும்னு ஃபேக்டரிக்கு எழுதி அனுப்பினேன். என் பங்குக்கு முட்டியில ரெண்டு கிழிசல் சேர்த்தேன். விலையில ஒரு சைபர் சேர்த்தேன். முதல் சாம்பிள் வந்ததும் நானே போட்டுக்கினு ஆபீஸ் பூரா நடந்து காட்டினேன்.

எல்லாம் நல்லாத்தான் போய்க்கினு இருந்துச்சு. வியாழக்கிழமை காலையில எம்.டி. கூப்பிட்டாரு.

"நாளைக்கு பெங்களூருல இருந்து பணம் போடறவங்க வர்றாங்க. பழசையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு காட்டணும். பழைய பேண்ட் எங்க?"

குடோன்ல தேடினோம். இத்தன வருஷமா தைச்சு தள்ளின கம்பெனி, ஒண்ணே ஒண்ணு கூட எடுத்து வெக்கல!

"நாளைக்கு அந்த பேண்ட் வரல, நீயும் வராத"ன்னுட்டாரு.

புத்தூர்ல இருக்கற நைனாவுக்கு, அதான் எங்கப்பாவுக்கு, போன் போட்டேன்.

"நைனா, உன்கிட்ட லாடம் போட்ட ஜீன்ஸ் ஒண்ணு இருந்துச்சே?"

"அதுவா! பொண்ணு பாக்க போறப்ப எடுத்தது, முப்பது வருஷம் ஆச்சு. வழியில மழை புட்ச்சிக்கிச்சு. இடுப்புல இருந்து பாதம் வரைக்கும் நீலமா ஆயிட்டேன். உங்கம்மா வீட்ல எனக்கு ஏதோ தோல் வியாதின்னு பயந்துக்கினாங்க!"

"சரி, அது இப்ப இருக்கா?"

"நம்ம முனிரத்தினம் வரதய்யபாளையத்துல வீடு கட்றான் இல்ல? திருஷ்டி பொம்மைக்கு ஒரு பேண்ட் கேட்டான். போன மாசம் தூக்கி குடுத்துட்டேன்."

புது வீட்டு மேல கண்ணு படக்கூடாதுன்னு வைக்கோல் அடைச்சு, பேண்ட் சட்டை மாட்டி, மாடியில ஒருத்தன தொங்க விடுவாங்களே, அவன்தான். என் வேலை இப்ப அவன் இடுப்புல இருந்துச்சு.

பைக்க எடுத்தேன். சத்தியவேடு தாண்டி வரதய்யபாளையம் போய் சேர்றதுக்குள்ள மதியம் ஆயிடுச்சு.

வீடு அப்படியே பளபளன்னு இருந்துச்சு. முன் சுவர் பூரா வெள்ளை பெயின்ட், அடிச்சு நாலு நாள்கூட ஆகல. ஞாயித்துக்கிழமை கிரகப்பிரவேசம். மாடி கைப்பிடியில பொம்மை. அது இடுப்புல நைனா பேண்ட். ஆகா, என்ன ஒரு வெளுப்பு! இந்த வெளுப்ப கம்ப்யூட்டர்ல கொண்டு வர நான் மூணு மாசம் மண்டைய உடைச்சிக்கினு இருந்தேன்.

முனிரத்தினம் மாமா நைனாவோட சிநேகிதர். என்ன தெலுங்குல அல்லுடு, மாப்பிள்ளைன்னுதான் கூப்பிடுவாரு.

"வா அல்லுடு, மொதல்ல துன்னு. அப்பறம் பேசலாம்."

"மாமா, எனக்கு அந்த பொம்மையோட பேண்ட் வேணும்."

மாமா என்ன ஏற இறங்க பாத்தாரு. "நைனா உனக்கு பேண்ட் எடுத்து குடுக்கறது இல்லியா?"

பிராண்டு, பாரம்பரியம், ஞாபகம்னு பத்து நிமிஷம் வெளக்கினேன். மாமா பொறுமையா கேட்டுக்கினாரு.

"அல்லுடு, ஞாயித்துக்கிழம வரைக்கும் பொம்மை கழட்டக் கூடாது. அம்மணமாவும் நிக்கக் கூடாது. ஊரு என்ன பேசும்? வேணும்னா நீ போட்டுக்கினு இருக்கற பேண்ட்ட அதுக்கு குடு."

"மாமா, இது சாம்பிள்! உலகத்துலயே இது ஒண்ணுதான் இருக்கு!"

"முட்டியில கிழிஞ்சிருக்கே?"

"அது ஸ்டைல் மாமா."

"அப்ப பொம்மைக்கு கரெக்டா இருக்கும்."

எனக்கு வேற வழி இல்ல. புதுச போட்டோல காட்டிக்கலாம், பழசுக்குத்தான் எங்கயும் போக முடியாது.

கழட்டறப்ப மாமா கேட்டாரு. "சாயம் போவுமா அல்லுடு? சுவரு புதுசு."

நான் சிரிச்சேன்! கடவுளே, சிரிச்சேன்!

"அதெல்லாம் நைனா காலம் மாமா. ஒரு சொட்டு போகாது."

மாமாவோட லுங்கிய கட்டிக்கினு திரும்பி வந்தேன். பைக்ல லுங்கியோட போனவங்களுக்குத்தான் தெரியும், காத்து எந்தப் பக்கம் அடிச்சாலும் ஆபத்து. அன்னைக்கு எல்லாப் பக்கமும் அடிச்சுது. பின்னாடியே மழை வேற கட்டிக்கினு வந்துச்சு.

வெள்ளிக்கிழமை மீட்டிங். நைனா பேண்ட் மேஜை நடுவுல ராஜா மாதிரி படுத்திருந்துச்சு. பெங்களூரு ஆளுங்க தொட்டு தொட்டு பாத்தாங்க. என் போன பெரிய டி.வி.யில இணைச்சு படம் காட்டிக்கினு இருந்தேன். "மறக்க முடியாத நீலம்"னு பெரிய எழுத்துல போட்டிருந்தேன்.

அப்பதான் டி.வி.யில வாட்ஸப் வந்து நின்னுச்சு. முனிரத்தினம் மாமா போட்டோ அனுப்பியிருந்தாரு. பதட்டத்துல மூடறேன்னு தொட்டேன், தெறந்துக்கிச்சு.

மாமா வீடு. மாடியில என் சாம்பிள் ஜீன்ஸ். அதுக்குக் கீழ வெள்ளை சுவர்ல மாடியில இருந்து வாசப்படி வரைக்கும் பட்டை பட்டையா நீலம்!

பெங்களூரு அம்மா ஒருத்தங்க கை தட்டினாங்க. "சூப்பர் விளம்பரம்! யாரு ஆர்ட்டிஸ்ட்?"

எம்.டி. என்ன பெருமையா பாத்தாரு. நானும் மெதுவா தலைய ஆட்டிட்டேன். வெக்கமே இல்லாம!

அடுத்த நிமிஷம் மாமா போன். கட் பண்றேன்னு அமுக்கினேன். டி.வி. ஸ்பீக்கர்ல அவரு குரல் கேட்டுச்சு.

"டேய் அல்லுடு! ஒரு சொட்டு போவாதுன்னு சொன்னியே! நாலு வாட்டி கழுவிட்டேன், போவல! நாளன்னிக்கு கிரகப்பிரவேசம்டா! என் பையன் ஸ்ரீ சிட்டி ஃபேக்டரியில ஷிப்டு மேல ஷிப்டு பாத்து கட்டின வீடுடா!"

பெங்களூரு ஆளுங்க புது ஜீன்ஸ் போட்டோவ பாத்தாங்க, நைனா பேண்ட்ட பாத்தாங்க, அப்பறம் அவங்கவங்க விரல பாத்துக்கினாங்க.

எம்.டி. மெதுவா கேட்டாரு. "சாயத்துக்கு ஃபேக்டரிக்கு என்னன்னு எழுதின?"

"அந்தக் காலத்துல இருந்த மாதிரி அச்சு அசலா..."

"மொதல்ல போய் அந்த சுவருக்கு பெயின்ட் அடி. உன் வேலைய பத்தி திங்கக்கிழமை பேசலாம்."

சனிக்கிழமை பிரஷ்ஷும் கையுமா வரதய்யபாளையத்துல நின்னேன். பொம்மை இடுப்புல இப்ப என் சாம்பிள் இல்ல, மாமாவோட லுங்கி. இருக்கற நல்ல பேண்ட்ல பெயின்ட் படக் கூடாதுன்னு நைனா பேண்ட்டத்தான் போட்டிருந்தேன். போறவங்க வர்றவங்க எல்லாம் நின்னு, "அய்யோ பாவம், எவ்ளோ நல்ல வீடு!"ன்னு உச்சு கொட்டிட்டு போனாங்க. மாமாவுக்கு கோபம் கொஞ்சம் இறங்கிச்சு.

"போவுது உடு அல்லுடு. இனிமே இந்த வீட்டு மேல எவன் கண்ணும் படாது."

அத கேட்டப்பதான் எனக்கு நெஜமாவே அழுகை வந்துச்சு.

சுவர் காஞ்சு நான் கிளம்பறப்ப திரும்பவும் மழை. தொப்பலா நனைஞ்சேன். பயந்துக்கினே வீட்டுக்கு வந்து பேண்ட்ட கழட்டி பாத்தேன். கால் என் கால் கலர்லயேதான் இருந்துச்சு.

அதனால எங்க ஜீன்ஸ் வாங்கப் போறவங்களுக்கு ஒரே ஒரு குறிப்பு: முதல் முப்பது வருஷம் மட்டும் மழையில நனையாம பாத்துக்கோங்க.