பச்சைப் பட்டும் என் கன்னமும்

வெட்கப்பட்டால் கன்னம் சிவக்கும் என்பார்கள். என் கன்னம் வெட்கமே இல்லாமல் சிவக்கும். வெயில் பட்டால் சிவக்கும், காப்பி குடித்தால் சிவக்கும், "ஏன் அம்மணி, மூஞ்சி செவந்திருக்குது?" என்று யாராவது கேட்டுவிட்டால் இன்னும் கொஞ்சம் சிவக்கும்.

தம்பி கல்யாணம் வந்தது. எங்கள் பக்கத்தில் முகூர்த்தத்துக்கு முன்னால் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவளுக்குப் பட்டு உடுத்தி, நகை பூட்டி, அவன் பக்கத்தில் நிறுத்திச் செய்யும் சீர். மண்டபமே அக்காக்காரியைத்தான் பார்க்கும் (அதாவது, என் மூஞ்சியை). பெண்ணின் அம்மா அதற்கென்றே ஆசையாக ஒரு கிளிப்பச்சைப் பட்டு எடுத்துத் தந்திருந்தார்.

தோல் டாக்டர் தெளிவாகத்தான் சொல்லியிருந்தார். எரிச்சல் தராத ஃபேஸ் வாஷ், மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன். சிவப்பை மறைக்க வேண்டுமென்றால் பச்சை கன்சீலர் ஒரு பொட்டு, அதன்மேல் மெலிசாக ஃபவுண்டேஷன். பச்சை சிவப்பை அமுக்கிவிடுமாம். ஒரு பொட்டுக்கே அமுங்கும் என்றால் அரை ட்யூபுக்கு? சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதுபோல அப்பினேன். மேலே ஃபவுண்டேஷன் பூசிக் கண்ணாடியில் பார்த்தால், சிலை! (சிலைக்கு வேர்க்காது. அதை யோசிக்கவில்லை.)

மேடையில் வீடியோக்காரர் விளக்கைப் போட்டார். வேர்த்து ஊற்றியது. முந்தானையால் ஒத்தி ஒத்தித் துடைத்தேன். ஃபவுண்டேஷன் முந்தானைக்குப் போய்விட்டது. பச்சை மட்டும் என்னோடு தங்கிவிட்டது.

முதலில் பார்த்தவர் சித்தப்பா. திருப்பூரில் சாயப்பட்டறை வைத்திருப்பவர். "ஏனுங்க, சீர நிறுத்துங்க!" என்று மேடையேறினார். என் கன்னத்தை விரலால் வழித்து, விளக்கில் காட்டித் தீர்ப்பும் சொன்னார். "சாயம் போவுதுங்க. மட்டமான சேலையக் குடுத்துப்போட்டாங்க. எங்க புள்ள மூஞ்சியப் பாருங்க!"

பெண்ணின் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "நானே காஞ்சிபுரம் போயி எடுத்ததுங்க..."

பெண்ணின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "தாலி கட்டறதுக்கு முன்னாலயே இந்தப் பேச்சுங்களா? எங்க பொண்ணக் கூட்டிட்டுப் போறமுங்க." (எங்கள் ஊரில் சண்டைக்கும் 'ங்க' உண்டு.)

தம்பி முகம் வெளுத்துவிட்டது. "அக்கா, ஏதாச்சும் சொல்லுக்கா."

சொன்னால் என் மானம் போகும். சொல்லாவிட்டால் அவன் கல்யாணமே போகும். பாவி, அப்போதும் கொஞ்சம் யோசித்தேன்! பிறகு, சீருக்கு வைத்திருந்த செம்புத் தண்ணீரை எடுத்து முகத்தில் அடித்துப் பரபரவென்று தேய்த்தேன்.

"சேலைச் சாயம் இல்லீங்க. மூஞ்சி செவந்திருக்குதுன்னு நாந்தான் பச்சையப் பூசிப்போட்டனுங்க!"

பக்கத்தில் மைக் இருந்தது எனக்குத் தெரியாது. சாப்பாட்டுப் பந்தி வரை கேட்டிருக்கிறது.

தேய்த்த தேய்ப்பில் கன்னம் தக்காளியாகிவிட்டது. அதைப் பார்த்து முதலில் சிரித்தவர் பெண்ணின் அம்மாதான். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். அவர் வீட்டுக்காரரும் துண்டை மடியில் போட்டு உட்கார்ந்துவிட்டார். சீர் நடந்தது, தாலியும் ஏறியது. ஆல்பம் முழுக்க நான் தக்காளிதான்.

அதற்கப்புறம் சேலை விஷயத்தில் சித்தப்பாவிடம் யாரும் கருத்துக் கேட்பதில்லை. சம்பந்தியம்மா மட்டும் பொங்கலுக்குப் பொங்கல் எனக்குச் சேலை எடுத்துவருகிறார். எல்லாரும் கூடும்வரை காத்திருந்து, முந்தானையைத் தண்ணீரில் நனைத்து, தன் கன்னத்தில் அழுத்தித் தேய்த்துச் சித்தப்பாவிடம் காட்டுவார்.

"பாத்துக்குங்க, ஒட்டலீங்க." அப்புறம்தான் சேலை என் கைக்கு வரும்.