தலைகீழ் மரம் வரைந்த தரகர்

பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரைக்கும், கல்யாணம் முடித்து வைப்பதற்காகவே கம்ப்யூட்டர் படித்த ஒரே மனிதர் எங்கள் டேபிள் தரகர்தான். மறுப்பவர்கள் உதியன்குளங்கரையில் என் டைல்ஸ் கடைக்கு வந்து வாதாடலாம். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் கட்டிய கடை. மூன்று மாடி, லிஃப்டும் உண்டு.

தரகருக்கு ஐம்பது வயதில் அந்த ஆசை வந்தது. மாப்பிள்ளைகளுக்கு ஒரு நோட்டு, பெண்களுக்கு ஒரு நோட்டு, விலாசங்களுக்கு ஒரு நோட்டு வைத்திருந்தார். அவர் புரட்டித் தேடி எடுப்பதற்குள் பெண்ணுக்கு வேறு இடத்தில் கல்யாணம் முடிந்து பிள்ளையும் பிறந்துவிடும். தனுவச்சபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்து, தன் வயதில் பாதிகூட ஆகாதவர்களோடு முதல் பெஞ்சில் உட்கார்ந்து டேட்டாபேஸ் படித்தார். அதன்பிறகு நோட்டு என்ற சொல்லே அவர் வாயில் கிடையாது, எல்லாம் டேபிள். வரிகளில் வேண்டியதைப் பொறுக்கினால் செலக்‌ஷன், கட்டங்களில் வேண்டியதைப் பொறுக்கினால் புரொஜெக்‌ஷன், இரண்டு டேபிளைச் சேர்த்தால் ஜாயின். சாயாக் கடையில் இதைக் கேட்காமல் யாரும் கிளாஸைக் கீழே வைத்ததில்லை.

அவருடைய முதல் ஜாயின் காஞ்சிரங்குளத்து மாப்பிள்ளை ஒருவனுக்கு. பெண் டேபிளையும் விலாச டேபிளையும் வீட்டுப்பேரை வைத்து இணைத்தார். பெண்ணின் வீட்டுப்பேர் தடத்தரிகத்து வீடு, அதாவது பாதையோரத்து வீடு. எங்கள் பக்கத்தில் தடம் போகும் இடமெல்லாம் ஒரு தடத்தரிகத்து வீடு உண்டு என்று கம்ப்யூட்டருக்கு யார் சொல்வது? மாப்பிள்ளை வீட்டார் வேன் பிடித்து, பழமும் பலகாரமுமாக வேறொரு தடத்தரிகத்து வீட்டில் போய் இறங்கினார்கள். அங்கே எழுபது வயது அம்மச்சி ஒருத்திதான் இருந்தாள். எல்லாருக்கும் சாயா போட்டுக் கொடுத்து, குடித்து முடித்தபிறகு கேட்டாளாம்:

“பொண்ணு நானாக்கும். மாப்பிள யாரு மக்கா?”

தரகர் மூன்று நாள் தலைகாட்டவில்லை. நாலாம் நாள் வந்து, வீட்டுப்பேரை நம்பி ஜாயின் போடக்கூடாது, போன் நம்பர்தான் ஆளுக்கு ஆள் வேறு என்று எனக்கே வகுப்பு எடுத்தார்.

ஊருக்கு இதெல்லாம் சிரிப்பு. என் மகள் விஷயத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கண் ஆஸ்பத்திரியில் கண்ணாடிக்குப் பவர் பார்க்கிறவள். முப்பத்தொன்று ஆகிவிட்டது. பதினொரு கூட்டம் வந்து பார்த்தது. நான் மார்பிள் தரையைக் காட்டுவேன், அவள் தட்டோடு வருவாள், பலகாரம் தீரும். கிளம்பும் நேரத்தில்தான் அவர்கள் பேச்சை எடுப்பார்கள்: பெண் வேலையை விட வேண்டும். அவள் முடியாது என்பாள். பதினோராவது கூட்டம் போனதும், இனிமேல் தட்டெடுக்க மாட்டேன், கல்யாணமே வேண்டாம் என்று கதவைச் சாத்திக்கொண்டாள். குஜராத்துக்காரனிடமே டைல்ஸுக்கு விலை பேசி ஜெயித்தவன் நான். அந்தக் கதவைத் தட்ட எனக்குக் கை வரவில்லை.

தரகரை வரச் சொன்னேன். வந்தவர் ஒரு தாளில் மரம் ஒன்றைத் தலைகீழாக வரைந்தார், வேர் மேலே, இலை கீழே; வாசிப்பது கீழிருந்து மேலே. அடியில் நாட்டிலுள்ள மாப்பிள்ளைகள். நடுவில் என் வீடு, சாயா, மார்பிள். உச்சியில் சின்னதாக, என் மகளின் சம்மதம்.

“நிங்க எல்லாரையும் வீட்டுக்குள்ள ஏத்தி சாயா குடுத்திட்டு, கடைசியிலயாக்கும் மொவக்கிட்ட கேக்குதது. வடிகட்டி அடியில வேணும் அண்ணே.”

“அப்போ எனக்க கண்டிஷன்? மாப்பிளக்கி சொந்தமா மாடி வீடு வேணும்லா?”

“அது மேல கெடக்கட்டு.”

பிறகு மகள் சாத்தியிருந்த கதவருகே போய், “மக்கா, நினக்கு என்ன வேணும்?” என்றார். பதினொரு கூட்டத்திலும் எங்கள் வீட்டில் யாரும் கேட்காத கேள்வி. கதவு பாதி திறந்தது.

“வேலைய விடச் சொல்லப்பிடாது. அவ்வளவுதான் மாமா.”

தன் டேபிளில் இருந்த மாப்பிள்ளைகளிடம் அது ஒன்றை மட்டும் போனில் கேட்டார். நாற்பத்திரண்டு பேரில் நாலு பேர் மிஞ்சினார்கள். என் கண்டிஷனுக்கு அந்த நாலில் ஒருவனும் தேறவில்லை. கண்டிஷனை அடித்துவிட்டேன், அதற்கும் ஒரு தைரியம் வேண்டும். நெய்யாற்றின்கரை பேக்கரி ஒன்றில் அவள் அவர்களில் ஒருவனைப் பார்த்தாள். சாயாத் தட்டை அவனே எடுத்து வந்தானாம். ஆவணியில் கல்யாணம் நடந்தது.

தரகர் கம்ப்யூட்டர் சென்டர் பரீட்சையில் தோற்றுப்போனார். ஊழியர் டேபிளையும் ஆபீஸ் டேபிளையும் சீக்கிரமாக இணைப்பது எப்படி என்ற கேள்விக்கு, முதலில் ஊழியரிடம் சம்மதம் கேட்க வேண்டும் என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தார். மறுபடியும் எழுதப் போகிறார்.

என்னிடம் சர்டிபிகேட் ஒன்றும் கிடையாது. கடையில் என் மேஜைக் கண்ணாடிக்கடியில் அந்தத் தலைகீழ் மரத் தாள் இருக்கிறது. புது டிசைனா என்று கேட்பவர்களிடம், ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு நான் படித்தது என்று சொல்வேன். எனக்குச் சொல்லித்தந்த முதல் பெஞ்சுக்காரர் எதிரே சாயாக் கடையில் இருக்கிறார் என்றும் சொல்வேன்.