அரைமீசை ரசிகர்களின் அறை

வெண்கோட்டு நாட்டை எந்த வரைபடத்திலும் தேட வேண்டாம். அங்கே ஓர் அரசர் இருந்தார். அரசரைவிட அதிகமாகப் பேசும் அமைச்சர்கள் இருந்தார்கள். அவர்கள் பேசுவதைக் கேட்க நேரமில்லாத மக்களும் இருந்தார்கள். மக்களுக்கு நேரமில்லாமல் போனதற்குக் காரணம், அவர்கள் படக்கதை படித்துக்கொண்டிருந்ததுதான்.

அந்தப் படக்கதைகளின் நாயகன் பெயர் அழும்பன். ஒரு வாள் சண்டையில் மீசையின் வலப்பாதியைப் பறிகொடுத்தவன். இழந்த பாதியை வளர்க்கவும் மாட்டான், மிஞ்சிய பாதியை மழிக்கவும் மாட்டான். அவன் கதை மெல்லிய புத்தகங்களாகச் சந்தையில் விற்கும். யாரிடமும் எல்லாப் பாகங்களும் இருந்ததில்லை.

தலைநகரில் ரொட்டிக்கடை வைத்திருந்த செண்பகவல்லியிடம் மட்டும் அநேகமாக எல்லாம் இருந்தன. ரொட்டி வாங்க வருகிறவர்கள் நின்றபடியே படிப்பார்கள். நடுவில் தங்களுக்குள் சண்டை போடுவார்கள், சிரிப்பார்கள், ரொட்டியை மறந்துவிட்டுப் போவார்கள். இவர்கள் ஒருநாளாவது உட்கார்ந்து படிக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அழும்பன் ரசிகர்களுக்கு அரண்மனை மைதானத்தில் விழா எடுக்கப்போவதாகவும், அறைகளைப் பார்த்துக்கொள்ளத் தன்னார்வலர்கள் தேவை என்றும் முரசு அறைந்தபோது, அவள் கூட்டத்தில் முதல் ஆளாகக் கையைத் தூக்கினாள்.

“தூக்கிட்டியா?” என்றான் அவள் கணவன் தாண்டவன். “இனி இறக்க விடமாட்டாங்க.”

விழா அமைச்சர் பராங்குசர் அவளை வரவழைத்தார். “எனக்கு ஒரு அறை, கொஞ்சம் நாற்காலி, ஒரு அடுப்பு போதுங்கய்யா. புத்தகமும் இஞ்சி டீயும் நான் கொண்டாறேன்” என்றாள் அவள்.

“அம்மையீர், அறை என்பது வெறும் நான்கு சுவர் அன்று. அது ஆட்சியின் சிறு வடிவம். சிந்தித்தே செயல்படுவோம்” என்றார் அமைச்சர்.

சிந்தித்தார்கள். சாவி தொலைந்துவிடக் கூடாது என்பதற்காக, அதை அந்த அறைக்குள்ளேயே பத்திரமாக வைத்துக் கதவைச் சாத்தினார்கள். அது சாத்தினாலே பூட்டிக்கொள்ளும் கதவு. பிறகு தச்சரை வரவழைத்துக் கதவைப் பெயர்த்தெடுத்தார்கள். கதவில்லாத அறைக்குப் பாதுகாப்பு இல்லை என்று காவலர்களை நிறுத்தினார்கள். காவலர்கள் நிற்பது அரசுக்கு இழுக்கு என்று அறையிலிருந்த நாற்காலிகளை எடுத்து அவர்களுக்குப் போட்டார்கள்.

“அப்போ வர்றவங்க எங்கய்யா உட்காருவாங்க? தரையிலயா?”

“அரசு அறையில் தரையில் அமர்வது அரசை அவமதிப்பதாகும்” என்றார் பராங்குசர். “அதற்குத் தடை ஆணை நேற்றே பிறந்துவிட்டது.”

அடுப்பு வைத்தால் புகை வரும், புகை வந்தால் அறையில் தீ என்று எதிரி நாடு வதந்தி பரப்பும் என்பதால் டீயும் போயிற்று. செண்பகவல்லி ஒவ்வொரு முறையும் அரண்மனைப் படியேறி மன்றாடினாள். ஒவ்வொரு முறையும் புதிதாக ஓர் ஆணையோடு இறங்கினாள்.

“விட்டுட்டு வாயேன்” என்றான் தாண்டவன்.

“படிக்கிறவங்க படகுல, வண்டியில எல்லாம் கிளம்பிட்டாங்கங்க. அவங்ககிட்ட என்ன சொல்றது?”

விழா நாள் காலையில் மைதானம் நிறைந்தது. ஆண், பெண், குழந்தை அத்தனை பேர் முகத்திலும் இடப்பக்கம் மட்டும் கரியால் வரைந்த அரைமீசை. ஒருவரையொருவர் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள். அப்போதுதான் கடைசி ஆணை வந்தது. உண்மையான ரசிகர்களுக்கு மட்டுமே அறைக்குள் அனுமதி. உண்மையை ஒரு கேள்வி தீர்மானிக்கும்.

“அழும்பனுக்கு மீசை எந்தப் பக்கம்?” என்று கேட்டார் தேர்வதிகாரி.

“இடப்பக்கம்!” என்று மைதானமே கத்தியது.

“தவறு. இரு பக்கமும்.”

தேர்வுக் குழுவில் யாரும் கதையைப் படித்ததில்லை. வீரன் என்றால் முழு மீசை இருந்தே தீரும் என்று கூடிப் பேசி முடிவெடுத்திருந்தார்கள். சரியான விடை சொன்னவர்கள் ஒரு கணவனும் மனைவியும் மட்டும்தான். பக்கத்துத் தெருக் கல்யாணத்துக்கு வந்து வழி தவறியவர்கள். அவர்கள் வெற்று அறையில் சற்று நேரம் நின்றார்கள். “பந்தி எப்போங்க?” என்று கேட்டுவிட்டு வெளியேறினார்கள்.

தேறாதவர்களின் வரிசையில் உயரமான ஒருவர் வாதாடிக்கொண்டிருந்தார். அவருடையது கரி மீசை அல்ல. நிஜ மீசையிலேயே பாதியை மழித்திருந்தார்.

“நான்தான் இந்த நாட்டு அரசன்.”

காவலர் ஒரு நாணயத்தை எடுத்துப் பார்த்தார். “அரசருக்கு முழு மீசைய்யா. அடுத்த ஆளு வா!”

செண்பகவல்லி புத்தக மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டாள். கண் கலங்கியது. படகில் வந்த ஒரு பெண் அவள் தோளைத் தொட்டாள். “ஏன்க்கா அழுறே? நாங்க அறையைப் பார்க்கவா வந்தோம்?”

செண்பகவல்லி அவள் முகத்தைப் பார்த்தாள். வியர்வையில் அரைமீசை கன்னம் வரை வழிந்திருந்தது. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எழுந்து தாண்டவன் பக்கம் திரும்பினாள். “என்னங்க, மூட்டையைப் பிடிங்க!”

வண்டிகள் நிற்கும் பின்முற்றத்தில், வேப்பமர நிழலில் புத்தகங்கள் பரவின. தாண்டவன் செங்கல் கூட்டி அடுப்பு மூட்டினான். வண்டிக்காரர்கள் வைக்கோலை உதறிப் போட்டார்கள். கதவில்லாத வாசலை விட்டு நகரக் கூடாது என்று உத்தரவு இருந்ததால் காவலர்களால் தடுக்க முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் அங்கே படிப்பவர்கள், படித்துக் காட்டுபவர்கள், வாள் சண்டையை நடித்துக் காட்டுபவர்கள் என்று ஒரே அமளி.

உயரமான மனிதர் தயங்கித் தயங்கி வந்தார். “வெள்ளத்தில் அழும்பன் மாட்டிக்கிற பாகம் இருக்காம்மா? என் வீட்டில் கடைசிப் பக்கங்களைக் கிழிச்சுட்டாங்க.”

“அடப் பாவமே. யாரு?”

“என் நன்மையைக் கருதுறவங்க.”

அவள் தேடி எடுத்துக் கொடுத்தாள். அவர் வைக்கோலில் சம்மணமிட்டு, டீ ஆறுவதுகூடத் தெரியாமல் படித்தார். திடீரென்று துள்ளி எழுந்து, “கரையேறிட்டான்!” என்று கூவினார். முற்றமே கைதட்டியது. படகுப் பெண் அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அவர் வாழ்நாளில் யாரும் அவரை அப்படித் தட்டியதில்லை. இன்னொரு முறை தட்டுவாளா என்பதுபோல் நின்றார்.

அந்தச் சத்தம் கேட்டுத்தான் பராங்குசர் படையோடு வந்தார். “முற்றம் என்பது அறை அன்று! அனுமதியின்றி மகிழ்ந்த குற்றத்துக்காக இவளைப் பிடியுங்கள். நூல்களைக் கைப்பற்றுங்கள்.”

செண்பகவல்லி புத்தகங்களுக்கு முன்னால் வந்து நின்றாள். “அறைக்குத்தானே என்னைப் பொறுப்பாக்குனீங்க? போய்ப் பாருங்கய்யா. ஒரு குறையும் இல்ல. ஒரு ஆளும் இல்ல.”

“அமைச்சரே” என்றார் உயரமான மனிதர்.

குரலை அமைச்சருக்குத் தெரியும். முகத்தைப் பார்த்தவர் அப்படியே மண்டியிட்டார். “மன்னா! தங்கள் மீசை...”

“மீசை கிடக்கட்டும். என் ஆட்சியில் இவ்வளவு மகிழ்ச்சியை நான் கண்டதில்லை. இதற்கு யார் காரணம்?”

பராங்குசர் ஒரு கணமும் யோசிக்கவில்லை. “அடியேனின் எளிய திட்டம், மன்னா.”

தாண்டவன் வாயைத் திறந்தான். செண்பகவல்லி அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். “அவரு எடுத்துக்கட்டும்ங்க. புத்தகத்தை விட்டுட்டாருல்ல?” பிறகு, அடுத்த பாகம் கேட்டு நின்ற ஒருவர் பக்கம் திரும்பினாள். அன்று பொழுது சாயும் வரை ஒருவரும் முற்றத்தை விட்டுப் போகவில்லை, அரசர் உட்பட.

மறுநாள் கடையில் அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தபோது தெருவில் முரசு ஒலித்தது. தாண்டவன் வெளியே போய்க் கேட்டுவிட்டு, முகம் தொங்க உள்ளே வந்தான்.

“பராங்குசரைத் தலைமை அமைச்சர் ஆக்கிட்டாங்க. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, நீதிமன்றம் எல்லாத்தையும் இனிமே அந்த அறையை நடத்தின மாதிரியே நடத்தப் போறாராம்.”

செண்பகவல்லி மாவுக் கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, கடையில் நின்று படித்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தாள். அவர்களும் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி அவளையே பார்த்தார்கள். யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை.

“சரிதான்” என்றாள் அவள். “நாடு முழுக்கப் பிடிக்கிற மாதிரி ஒரு முற்றம் பார்க்கணும்.”